பட்டுத் தறி வீட்டில் ஒரு நர்ஸ்

ஆரணி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? அடுக்களையில் இருப்பவர்கள் அரிசி என்பீர்கள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் கிளம்பியிருப்பவர்கள் பட்டு என்பீர்கள். இரண்டும் சரிதான். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் அந்த ஊரில் அரிசி ஆலைகளும் உண்டு, தறிகளும் உண்டு. ஆனால் இன்று சொல்லப் போவது அரிசியைப் பற்றியும் அல்ல, பட்டைப் பற்றியும் அல்ல. அந்தத் தறி வீடுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டு, "நான் நர்ஸுக்குப் படிக்கிறேன்" என்று சொல்லும் பெண்களைப் பற்றி.

அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உங்கள் பீரோவில் ஓர் ஆரணிப் பட்டு இருக்கலாம். நாளைக்கு உங்கள் மகளின் பிரசவக் கட்டில் அருகே நிற்கப் போகும் நர்ஸ், அந்தப் புடவையை நெய்தவரின் பெண்ணாகவே இருக்கலாம்! இன்னொரு விஷயமும் உண்டு. இந்தியாவில் நர்ஸிங் படிப்புக்குப் பட்டம் என்று ஒன்று முதல் முதலாக ஏற்பட்ட இரண்டு ஊர்களில் ஒன்று வேலூர். அது ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டர். பஸ் ஏறினால் காலைப் பலகாரம் ஜீரணிப்பதற்குள் போய்விடலாம். ஆனால் ஒரு தறி வீட்டுப் பெண்ணுக்கு அந்த 40 கிலோ மீட்டர் எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி.

வீட்டிலே நடக்கும் வாதம்

ஒரு நெசவாளர் வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். முன் கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து அப்பா நாடா ஓட்டுகிறார். அம்மா ராட்டையில் ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிறாள். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை, அல்லது கூட்டுறவு சங்கம் கொடுத்தவை. வீட்டாருக்குக் கிடைப்பது, புடவைக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து, சாம்பலைத் தொட்டு விரலால் முறுக்க வேண்டும். ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை விட்டுப் போனாலும் புடவையில் கோடு விழுந்துவிடும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்த வேலையிலெல்லாம் கை கொடுத்தவள் மூத்த பெண். இப்போது அவள் நாலு வருஷம் படிக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் என்ன நடக்கும்?

"நாலு வருஷமா? அதுவரைக்கும் தார் சுற்ற யார், பாவு பிணைக்க யார்?" என்பார் அப்பா. அவர் கேட்பது கொடுமை அல்ல, கணக்கு. ஒரு கை குறைந்தால் தறியிலிருந்து இறங்கும் புடவையும் குறையும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் குறையாது.

"ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடக்கணுமாமே! நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்பாள் பாட்டி.

"டீச்சருக்குப் படியேன்டி. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்பாள் அம்மா.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றும். "பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு பார்த்தேன். ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆக்கி விடுகிறார்களாம். அதில் சேர்த்துவிட்டால் போகிறது!"

நான்கு பேரில் ரொம்பவும் பிரியமாகப் பேசியவர் சித்தப்பாதான். ரொம்பவும் அபாயமான யோசனை சொன்னவரும் அவர்தான். ஏன் என்று பிறகு பார்ப்போம். முதலில் பாட்டிக்குப் பதில் சொல்லிவிடுவோம். மரியாதை அல்லவா?

ஒரே இரவில் மூன்று உயிர்

பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில், நம் ஆற்காட்டுச் சீமையிலேயே நடந்த கதை. ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் அமெரிக்க மிஷன் டாக்டர். ஐடாவுக்கு டாக்டராகவோ, மிஷனில் சேரவோ கொஞ்சமும் ஆசை இல்லை. அமெரிக்காவில் படித்துக் கொண்டிருந்தவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தார். 1890-களில் ஓர் இரவு. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு ஹிந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். "என் அப்பா வருவார், அவர்தான் டாக்டர்" என்றார் ஐடா. அந்நிய ஆண் பிள்ளை வந்து பார்க்கக் கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

அந்த இரவில் ஊரில் டாக்டர் இல்லாமல் இல்லை. மருந்தும் இருந்தது. கட்டிலருகே போகக்கூடிய படித்த பெண் ஒருத்திதான் இல்லை.

ஐடா அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்து, 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியத்தை ஆரம்பித்தார். 1902-ல் அங்கே பெண்களுக்காக 40 படுக்கைகள் உள்ள ஆஸ்பத்திரி எழுந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அதன் பிறகு இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்ப்பது யார்? உதிரம் பெருகுவதைக் கண்டு ஓடி வந்து சொல்வது யார்? 1909-ல் ஐடா நர்ஸிங் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்குப் பிறகு, 1918-ல்தான் வந்தது. நர்ஸ் முதலில், டாக்டர் பிறகு! இந்த வரிசையைப் பாட்டி கவனிக்க வேண்டும்.

அதற்கு முன்பே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியிருந்தது. ஆனாலும் நம்மவர் வீடுகளில் வெகு காலம் பாட்டி சொன்னதையே சொல்லிக் கொண்டிருந்தார்கள். எந்த மானம் மரியாதைக்காகப் பாட்டி நர்ஸ் வேலை வேண்டாம் என்கிறாளோ, அதே மானம் மரியாதைக்காகத்தான் நம் வீட்டுப் பெண்கள் நர்ஸாக வேண்டியிருந்தது. பாட்டி ஒருத்தி நோயில் விழுந்தால், தன் உடம்பைத் துடைத்துவிட யாரைக் கூப்பிடுவாள்?

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. அந்த மாறுதலுக்குப் பின்னால் நிற்பவர்களில் ராத்திரி டியூட்டி பார்த்த நர்ஸுகள் முக்கியமானவர்கள்.

பட்டம் வந்த விதம்

முதலில் நர்ஸிங் என்பது ஒரு கைத்தொழில் மாதிரிதான் இருந்தது. வார்டில் வேலை செய்து கொண்டே, பெரிய நர்ஸைப் பார்த்துக் கற்றுக் கொள்வது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெசவு கற்றுக் கொள்வதைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். கை பழகும். ஆனால் ஏன், எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. 1946-ல் அதுவும் மாறியது. டெல்லியிலும் வேலூரிலும் நாலு வருஷ நர்ஸிங் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. வேலூர்ப் படிப்புக்குப் பட்டம் கொடுத்தது சென்னை சர்வகலாசாலை. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான நர்ஸிங் கல்லூரிகளுக்குப் பட்டம் கொடுப்பது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

மூன்று வாசல்கள்

நர்ஸ் என்ற பெயர் ஒன்றுதான். அதற்குள் நுழையும் வாசல்கள் மூன்று. இதை வீட்டில் உள்ளவர்கள் தெளிவாகத் தெரிந்து கொள்வது நல்லது.

முதல் வாசல் ஏ.என்.எம். இது 2 வருஷம். பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சேரலாம். கிராமங்களில் வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கிறார்களே, அந்தச் சகோதரிகள் இந்த வழியாக வந்தவர்கள்.

இரண்டாவது ஜி.என்.எம். டிப்ளமோ. இது 3 வருஷம். ஆஸ்பத்திரி வார்டுகளில் நீங்கள் பார்க்கும் நர்ஸுகளில் பலர் இதைப் படித்தவர்கள்.

மூன்றாவது பி.எஸ்ஸி. நர்ஸிங். இது 4 வருஷம். பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் படித்து, விஞ்ஞானப் பாடங்களில் சேர்த்து 45 சதவிகிதமாவது வாங்கியிருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடி வகுப்பினருக்கு 40 போதும். வயது 17 நிரம்ப வேண்டும்.

"நாலு வருஷம் முடியவே முடியாது" என்று அப்பா சொன்னால் எல்லாம் போயிற்று என்று பெண் அழ வேண்டாம். இந்த வாசல்களுக்கு நடுவே ஏணி இருக்கிறது. ஏ.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்கள் ஜி.என்.எம்.-ல் சேரலாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்கள், இன்னும் 2 வருஷம் படித்துப் பி.எஸ்ஸி. பட்டமே வாங்கி விடலாம். இதற்குப் போஸ்ட் பேஸிக் என்று பெயர். நடுவில் நாலு காசு சம்பாதித்து, தங்கையைப் படிக்க வைத்துவிட்டு, பிறகு மேலே ஏறுகிற பெண்களும் உண்டு.

பெரிய பணக்கார தேசமான அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஊருக்கு ஊர் 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய் வரலாம், சம்பளமும் குறைவு. மில்ட்ரெட் மான்டாக் என்ற அம்மையார் 1951-ல் ஒரு யோசனை சொன்னார். நர்ஸ் படிப்பை ஆஸ்பத்திரிகள் மட்டும் நடத்துவானேன்? இந்தக் கல்லூரிகளில் இரண்டு வருஷப் படிப்பாக வைத்தால் என்ன? மறு வருஷமே சோதனை ஆரம்பமாயிற்று. இன்று அந்தப் படிப்பு முடித்தவர்களும், நாலு வருஷப் பட்டம் பெற்றவர்களும் ஒரே லைசென்ஸ் பரீட்சை எழுதுகிறார்கள். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், எல்லோரும் அந்த வழியாக நர்ஸாகி, பிறகு பட்டமும் வாங்கிக் கொள்கிறார்கள். சின்ன வாசலில் நுழைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வாசல் மேலே போகிற படிக்கட்டுக்கு இட்டுச் செல்கிறதா, வெறும் சுவரில் கொண்டு போய் முட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சித்தப்பா பார்த்த போர்டு

இப்போது சித்தப்பாவிடம் வருவோம். நம் ஊரிலும் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் உண்டு. ஆனால் அமெரிக்கக் கல்லூரிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இங்கே நடப்பவை பெரும்பாலும் நர்ஸிங் உதவியாளர், ஹெல்த் அசிஸ்டென்ட் போன்ற சின்னத் தொழிற் பயிற்சிகள். உதவியாளர் வேலைக்கு என்று தெரிந்து சேர்ந்தால் தப்பில்லை. அதுவும் கௌரவமான வேலைதான். ஆனால், "இதுவும் நர்ஸ் படிப்புத்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் ஒன்றே ஒன்று. நர்ஸாக வேலை பார்க்கப் பதிவு வேண்டும். வக்கீலுக்குப் பார் கவுன்சில் மாதிரி, நர்ஸுக்குச் சென்னையில் ஒரு கவுன்சில் இருக்கிறது. 1926-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்டது அது. அங்கீகாரம் பெற்ற இடத்தில் மேலே சொன்ன மூன்றில் ஒன்றைப் படித்தவர்களுக்குத்தான் அங்கே பதிவு. ஒரு வருஷச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்தாலும் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் சர்க்கார் நர்ஸ் உத்தியோகம் இல்லை, மேற்படிப்பு இல்லை, வெளிநாடும் இல்லை. போன பணம் போனதுதான். போன வருஷமும் வராது. 2023-ல் நர்ஸிங்குக்குப் புதிதாக ஓர் அகில இந்தியச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி கவுன்சில்களின் இடத்தில் கமிஷன்கள் வரும். பெயர் மாறினாலும் பதிவு மட்டும் மாறாது.

ஆகவே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த வருஷம் அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகம், அல்லது எந்த போர்டு பரீட்சை நடத்துகிறது? வார்டுப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை? படித்து முடித்தால் பதிவு உண்டா? பதில் வாய் வார்த்தையாக இருந்தால் போதாது. காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். பட்டு எடுக்கும்போது ஜரிகையைத் திருப்பிப் பார்க்கவில்லையா? அதைப் போலத்தான்.

அசல் சர்டிபிகேட்டுகளை யாரிடமும் பிணையாக விட்டு வைக்காதீர்கள். படிப்பு முடிந்து வேலைக்குச் சேரும்போது சில இடங்களில் அப்படிக் கேட்பது உண்டு. நகல் கொடுத்தால் போதும்.

நாலு வருஷம் என்ன படிக்கிறார்கள்?

"நர்ஸுக்கு நாலு வருஷம் என்ன படிப்பு? ஊசி போடத்தானே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேளுங்கள்!

இப்போதுள்ள பாடத் திட்டப்படி நாலு வருஷத்தை எட்டு ஸெமஸ்டராகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் உடற்கூறு, உடல் இயங்கும் விதம், மன இயல், ஆங்கிலம். கூடவே படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, கை கழுவுவது. ஆம், கை கழுவுவதும் பாடம்தான்! பிறகு கிருமிகள், மருந்துகள், உணவு முறை, பெரியவர்கள் வியாதி, குழந்தைகள் வியாதி, மனநோய், பிரசவம், கிராம சுகாதாரம், வார்டு நிர்வாகம். கடைசி ஸெமஸ்டர் முழுவதும் ஆஸ்பத்திரி வேலைதான்.

ஊசி போடுவதைக் கொஞ்ச நாளில் கற்றுக் கொள்ளலாம். எப்போது போடக் கூடாது என்று தெரிந்து கொள்ளத்தான் வருஷக் கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் எழுதிய அளவு இந்த எடையுள்ள குழந்தைக்குச் சரியா? நேற்றைக்கும் இன்றைக்கும் மூச்சு எண்ணிக்கை ஏன் மாறியிருக்கிறது? இதைப் பார்ப்பவள் நர்ஸ். ஆயிரம் இழைகளில் விட்டுப் போன ஒன்றைக் கண்டுபிடித்துப் பழகிய பெண்ணுக்கு இந்தக் கவனம் புதிதல்ல. புதிதாக இருப்பது ஆங்கிலம். பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். தமிழில் படித்து வந்த பெண்கள் முதல் ஆறு மாதம் திணறிப் போகிறார்கள். சிலர் வீட்டுக்கே திரும்பி விடலாமா என்று நினைப்பதும் உண்டு. பிளஸ் டூ பரீட்சை முடிந்த அந்த இரண்டு மாதத்தில் தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாய்விட்டுப் படித்து, உடலின் பாகங்களுக்கு ஆங்கிலப் பெயர்களை எழுதிப் பார்த்து வைத்துக் கொண்டால் பாதிப் பாரம் குறையும்.

அப்பாவின் கணக்கு

கடைசியாக அப்பா. அவருடைய கேள்விதான் கஷ்டமான கேள்வி. அதை மழுப்பக் கூடாது.

சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி இடம் கொடுத்து வருகிறது. ஆண்டுதோறும் அறிவிப்பைப் பார்த்துக் குறித்த தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேதி தவறினால் ஒரு வருஷம் போய்விடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தனியார் கல்லூரி என்றால், ஹாஸ்டல் பணத்தையும் சேர்த்து நாலு வருஷத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.

சர்க்கார் பள்ளிக்கூடத்தில் 6-ம் வகுப்பிலிருந்து படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. சாதி, வருமானச் சான்றிதழ்களின் பேரில் கிடைக்கும் உதவித் தொகைகள் வேறு. பாங்கிகளில் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. இவ்வளவும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் கூட, பெண்ணின் படிப்புக்காகத் தறியின் மேல் புதிதாக முன்பணம் வாங்க வேண்டாம். பாங்கிக் கடனைப் பெண் சம்பாதித்து அடைப்பாள். தறிக் கடனுக்குத் தம்பியும் தங்கையும் குழியில் இறங்க வேண்டி வரும்.

பலன்? அதிலும் உள்ளதைச் சொல்லிவிடுவோம். தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவு. சர்க்கார் உத்தியோகத்துக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை உண்டு. தேர்வானவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் சில வருஷம் காத்திருந்துதான் நிரந்தரம் ஆனார்கள். வெளிநாடு போக அந்தந்த நாட்டுப் பரீட்சை, சில நாடுகளில் அந்த நாட்டுப் பாஷை, எல்லாம் தேற வேண்டும். முதல் வருஷத்திலேயே பணம் கொட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் இந்தப் படிப்புக்கு ஒரு குணம் உண்டு. ஆடி மாதம் என்று ஆஸ்பத்திரிக்கு மந்தம் வருவதில்லை. மழை பெய்தால் தெருவில் பாவு ஓட்ட முடியாது. பிரசவ வார்டு மழைக்கு மூடுவதில்லை. உலகத்தில் நர்ஸ் வேண்டாத ஊரே இல்லை. பத்து வருஷம் குழந்தைகளைக் கவனித்துக் கொண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாலும், பதிவைப் புதுப்பித்துக் கொண்டு மறுபடியும் வேலையில் சேரலாம். அப்பாவின் கணக்கில் இதையும் ஒரு வரவாக எழுதிக் கொள்ளத்தான் வேண்டும்.

உங்களிடம் ஒரு வார்த்தை

பட்டணத்து வாசகிகளே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2020-ம் ஆண்டை உலக சுகாதார ஸ்தாபனம் நர்ஸுகளின் ஆண்டு என்று கொண்டாடியது. அதே வருஷம் கொரோனா வந்தது. மாடியில் நின்று நாம் கை தட்டினோம். சில தெருக்களில் அதே நர்ஸுகளுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்றார்கள்! கை தட்டியது மறந்து போகலாம். வீடு இல்லை என்று சொன்னதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஏ நர்ஸ், இங்கே வா" என்று கூப்பிடாமல் "சிஸ்டர்" என்று கூப்பிடுங்கள். ராத்திரி டியூட்டி முடிந்து காலை பஸ்ஸில் தூங்கி விழும் பெண்ணுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். உங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போது, "நர்ஸா?" என்று இழுக்காதீர்கள். ஆரணிப் பாட்டி பயப்படுவது ஆஸ்பத்திரி இரவைக் கண்டு அல்ல, நம்முடைய இந்த இழுவையைக் கேட்டுத்தான்.

நாம் அதை நிறுத்தினால், அந்த 40 கிலோ மீட்டர் வெறும் 40 கிலோ மீட்டராகிவிடும்.